அசதி என்றொரு அலமாரி

காலையின் முதல் பேட்ச் பிள்ளைகள் தட்டச்சு இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் டீக்கடை கிருஷ்ணப்பா சாலையைக் கடந்து வந்து வாசலில் நின்றார். கையில் டம்ளர் இல்லை. "டீச்சர், நம்ம அசதி பாய் ஹோகிபிட்ரு" என்றார். கெட்ட செய்தி என்றால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். பாய் போய்விட்டார். நான் பிள்ளைகளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வியாபாரிகள் சங்கத்தினர் பாயைப் பற்றி என்னை இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடை வரிசையை அறிந்த உங்களுக்கு சலீம் பாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய கேசட் கடைக்கும் என் தட்டச்சுப் பயிற்சிப் பள்ளிக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். இந்தப் பக்கம் பதினைந்து இயந்திரங்கள் படபடக்கும், அந்தப் பக்கம் பாட்டு ஓடும். ஒருவர் சத்தத்தை ஒருவர் பொறுத்துக்கொண்டே வயதாகிவிட்டோம். இரங்கல் எழுதி எழுதி எனக்குக் கை சலித்துவிட்டது, ஆனால் இவருக்கு எழுதாமல் இருக்க முடியாது. 'அசதி பாய்' என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு, அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்று தெரியாது.

எண்பதுகளில் சிப்காட்டில் கம்பெனிகள் வரிசையாக வந்தபோது, பெங்களூர்ப் பக்கமிருந்தும் வடக்கேயிருந்தும் இன்ஜினியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் பாயிடம் கேட்டதெல்லாம் இங்கிலீஷ் கேசட். அதுவும் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ஜாஸ் இருக்கா, கண்ட்ரி இருக்கா, சோல் இருக்கா என்று வகையைச் சொல்லிக் கேட்பார்கள். பாய் எல்லாவற்றுக்கும் "வரும் சார், வரும்" என்பார். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், சோல்னா என்ன?" என்று கேட்பார். எனக்கு ஸ்பெல்லிங் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆன்மா என்று சொல்லிவைத்தேன். அவர் நாகூர்ப் பாட்டு, மாதா கோவில் பாட்டு, ஐயப்பன் பாட்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி, மேலே 'சோல்' என்று ஒட்டிவிட்டார். கண்ட்ரி என்றால் நாடு என்று தேசபக்திப் பாடல்களை வைத்தார். பாப் என்பதைப் பாப்பா பாட்டு என்று நம்பி ஒருவர் பிள்ளைக்கு வாங்கிப் போய், மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

அந்த லேபிள்களையெல்லாம் நான்தான் அடித்துக் கொடுத்தேன். பாய் தவறு செய்ய வெட்கப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு கேசட்டையும் போட்டுக் கேட்டு, தட்டை மாற்றி மாற்றி அடுக்கி, கடைசியில் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவார். "ஜாஸ்னா, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டே இருக்கும் டீச்சர், கெளம்பவே கெளம்பாது." "கண்ட்ரின்னா ஊரைவிட்டு வந்தவன் பாட்டு. நம்ம மூக்கண்டப்பள்ளியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கானுங்களே, அவனுங்க மாதிரி." இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் ஒரு பையன் ஹெவி மெட்டல் கேட்டபோது, "அதத்தான் கம்பெனியிலயே நாள் பூரா கேக்குறீங்களே, அதுக்குக் காசு வேற குடுக்கணுமா?" என்று சிரித்தார்.

சாயங்காலம் என் கடைசி வகுப்பு முடிந்து இயந்திரங்களுக்கு உறைகளை மாட்டும் நேரத்தில், தடுப்பை விரலால் தட்டி, "எந்த அலமாரி, டீச்சர்?" என்பார். நான் ஏதாவது ஒன்றைச் சொல்வேன். அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டு வரும். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, சம்பாதிக்க நான் ஒருத்தி. எனக்கு என்ன வேண்டும் என்று நாள் முழுவதும் வேறு யாரும் கேட்டதில்லை. இதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு அது அரைகுறையாகத் தெரியும்.

பாய் கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை வைத்திருந்தார். ஒருநாள் பெங்களூரிலிருந்து ப்ளூஸ் என்ற இங்கிலீஷ் பாட்டு வகையில் ஒரு கட்டு கேசட் வந்தது. பலகையில் பெரிதாக, 'இன்று புதுவரவு: ப்ளூஸ்' என்று எழுதி வைத்தார். வாலிபப் பையன்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கூடினார்கள், உள்ளே வந்து தலையைச் சொறிந்தார்கள், ஒன்றும் கேட்காமல் போனார்கள். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வீடியோ கடைகளில் ப்ளூ ஃபிலிம் என்கிற கெட்ட படம் பிடிபட்டதாக ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை போலீஸ் வந்து கேசட்டுகளை அள்ளிக்கொண்டு பாயையும் கூட்டிப் போனது.

அந்த வார வெள்ளிக்கிழமை அவருடைய மகள் நசீமாவைப் பெண் பார்க்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து வருவதாக இருந்தது. மகள் ஒருத்திதான். கெட்ட கேசட் விற்கிறவன் என்று பெயர் வந்தால் அந்த வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்? நசீமா தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சர், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. லேபிள் அடிச்சது நீங்கதானே" என்றாள். பெண் பிள்ளைகளை நம்பி அனுப்பும் பள்ளியை நடத்துகிறவள் நான். போனால் எனக்கும் சேர்த்துத்தான் பேசுவார்கள். போனேன்.

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "பொண்ணுங்க படிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே ப்ளூ கேசட் விக்கிறாரு. அவருக்கு நீங்க சிபாரிசுக்கு வர்றீங்களேம்மா."

"சார், இது ஆடியோ கேசட். இதுல எப்படி சார் படம் தெரியும்?"

அவர் சற்று யோசித்தார். "சத்தம் இருக்கும்லம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப போட்டுக் கேளுங்க சார், நானும் இருக்கேன்" என்றேன். நிலையத்தில் இருந்த டேப்ரிக்கார்டரில் போட்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். இரண்டு காவலர்கள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். ஒரு கிதார், கரகரத்த ஆண் குரல். அந்த மனிதர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். அசிங்கம் இப்போது வரும், இப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

ஓரத்து பெஞ்சில் வயதான ஏட்டு ஒருவர் பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கி, வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனங்களை விரட்டிவிட்டு வந்தவர். அவர்தான் கண்ணை மூடியபடியே சொன்னார். "இதுல தப்பா ஒண்ணும் இல்லீங்க சார். ஆளு ரொம்ப அசதியா இருக்கான், அவ்ளோதான். எங்கூட்டுல ஏர் ஓட்டிட்டு வந்து எங்கப்பன் இப்பிடித்தான் முனகும்."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். கேசட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, பாய்க்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். விஷயம் அங்கே தீர்ந்தது, ஊரில் தீரவில்லை. காவேரிப்பட்டினத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. பாய் தலை மறைந்ததும் 'ப்ளூ பாய்' என்று சொல்வது எங்கள் வரிசையிலேயே சிலருக்குப் பழக்கமாயிற்று. அவர்களில் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

ஒரு வாரம் பாய் தடுப்பைத் தட்டவில்லை. பிறகு ஒருநாள் என் பக்கம் வந்து, "டீச்சர், தமிழ் மிஷின்ல ஒரு லேபிள் அடிச்சுக் குடுங்க" என்றார். என்ன அடிக்க என்று கேட்டேன். "அந்த ஏட்டையா சொன்னதுதான். அசதி." "ப்ளூஸ்னா என்னன்னு எடுத்துச் சொல்லலாமே பாய்" என்றேன். "யாருக்குன்னு சொல்றது? சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சோகம்னு போட்டா காதல் தோல்வி பாட்டு கேப்பானுங்க. இது அழுது முடிச்சு மூஞ்சி கழுவுனவன் பாட்டு. அசதின்னே இருக்கட்டும்" என்றார். அடித்துக் கொடுத்தேன்.

ஊர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும் என்று நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பாய், அசதியில ஒண்ணு போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கன்னடக்காரர்கள் 'சுஸ்து' என்றார்கள், தெலுங்குக்காரர்கள் 'அலசட' என்றார்கள். பாய் அந்தத் தட்டில் இங்கிலீஷோடு நிறுத்தவில்லை. பழைய தமிழ்ப் பாட்டு, கன்னடப் பாட்டு, வெறும் நாதஸ்வரம் என்று எது அந்த விதமாக ஒலித்ததோ அதையெல்லாம் அதில் சேர்த்தார். ப்ளூ பாய் என்ற பேச்சு தேய்ந்து, அசதி பாய் என்ற பெயர் நின்றது. நசீமா என்னிடம் தட்டச்சுப் படித்து லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் பாஸ் செய்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனி ஆபீசில் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து அங்கேயே வேலை செய்யும் ஒரு பையன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய பெரியவர் கிருஷ்ணப்பாவிடம், "இங்க அசதி பாய் வீடு எதுங்க?" என்று வழி கேட்டார். பாய் கடைக்குள்ளிருந்து அதைக் கேட்டார். வெளியே வராமல், முதுகைத் திருப்பிக்கொண்டு கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன திங்கட்கிழமை நான் பாய் வீட்டுக்குப் போனபோது ஆண்கள் அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் அஞ்சலி நோட்டீஸ் அச்சடிப்பதைப் பற்றி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பெயர் மரியாதையாக இருக்காது, 'ஜனாப் சலீம்' என்று மட்டும் போடலாம் என்றார் ஒருவர். நசீமா அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அசதி பாய்னும் போடுங்க. அத்தாவுக்கு ஊர் குடுத்த நல்ல பேரு அது ஒண்ணுதான்" என்றாள். சங்கத்துக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவருடைய கேசட்டுகள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை, வீட்டில் போட்டுக் கேட்கக் கருவியும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இனி யார் வருவார்கள் என்றும் தெரியாது. கம்ப்யூட்டர் சென்டர் என்கிறார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட கேள்விதான். அன்று விடைபெறும்போது நசீமா வாசல்வரை வந்தாள். நான் செருப்பை மாட்டக் குனிந்து, நிமிர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் கதவு நிலையை விரலால் தட்டினாள்.

"எந்த அலமாரி, டீச்சர்?"

"அசதிதான், கண்ணு" என்றேன்.