இடுப்புக்காக நான் சொன்ன சாட்சி

இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் போவது கௌரவம்தான். ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, ஒரு காலைத் தொங்கப்போட்டு, இன்னொரு காலைத் தேடிப் பிடித்து, சுவரோடு சுவராக எழுந்து நிற்பதற்குள் டீ ஆறிப்போய்விடும். டீ போட்டுக் கொடுத்த என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தோள் குலுங்குவதிலேயே தெரியும். அவர் மும்பை வடாலாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க டன் கணக்கில் தூக்குகிறார், அவர் இடுப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் அந்த டீயை ஒன்பது வருடமாக, வலி வந்த எல்லாக் காலையிலும், அவர்தான் போட்டுத் தருகிறார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்குத் தாராவியில் ஒரு கார்கானாவில் தையல் வேலை. கார்கானா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு மெஷின், இரண்டு மின்விசிறி, ஒரே ஒரு ஜன்னல். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாவாடைகளுக்கு மடிப்பு வைத்துத் தைப்பது என் பொறுப்பு. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அப்படி இருந்த ஒரு நாள், கீழே விழுந்த பாபினை எடுக்கக் குனிந்தேன். நூல் சுற்றுகிற, இரண்டு விரலுக்குள் அடங்கிவிடுகிற பாபின். குனிந்தவள் நிமிரவில்லை.

தண்ணீர் ட்ரம்மைத் தூக்கி இடுப்பு போயிற்று என்றால் நாலு பேர் இரக்கப்படுவார்கள். பாபினைத் தூக்கிப் போயிற்று என்றால் யார் மதிப்பார்கள்? அதனால் விசாரித்தவர்களிடமெல்லாம் தண்ணீர் ட்ரம் என்றே சொல்லிவைத்தேன். இடுப்பு விஷயத்தில் என் வாய் நீள ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இது வரும், போகும், மறுபடி வரும் என்றார். எக்ஸர்சைஸ் சொல்லித்தருகிற பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு மராத்திப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, இடுப்பை மட்டும் மெதுவாக உயர்த்தச் சொன்னாள். எண்ணி முடிக்கும்வரை தன் கையை என் முதுகுக்கு அடியில் வைத்திருந்தாள். “ஆன்ட்டி, தினமும் செய்யணும், வலி இல்லாத நாள்லயும் செய்யணும்” என்று ஹிந்தியில் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நடக்கும்போது போட்டுக்கொள்ள அகலமான ஒரு பெல்ட்டும் எழுதிக் கொடுத்தாள்.

கார்கானா முதலாளி சேட் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் அவரிடம் போனேன். அவர் உத்தரப்பிரதேசத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, என் மெஷினை ஜன்னல் பக்கம் மாற்றச் சொன்னார். அரை மணி தைத்தால் பத்து நிமிடம் எழுந்து நின்று, தைத்த பாவாடைகளை டஜன் டஜனாக நான் கட்டி வைக்கலாம் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பத்து நிமிடங்களால்தான் இன்றைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.

வலி வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தது, போனது. இந்த வருடம் வந்தது மட்டும் போகாமல் இரண்டு வாரம் தங்கிவிட்டது. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை ஜெபம் வீடு வீடாக முறை வைத்து நடக்கும். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. சபைப் பெண்கள் ஆறேழு பேர் வந்தார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, முதுகில் கை வைத்து, அவரவர் குரலில் ஜெபித்தார்கள். அத்தனை உள்ளங்கைச் சூடு ஒரே இடத்தில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்தால் வலி இல்லை. துளிகூட இல்லை.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் முடிவில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. நன்மை பெற்றவர்கள் முன்னால் வந்து, மைக்கைப் பிடித்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். வேலை கிடைத்தது, காய்ச்சல் இறங்கியது, மகன் பாஸாகிவிட்டான். சபை “ஸ்தோத்திரம்” என்று பதில் சொல்லும். அத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் போனதில்லை. அந்த ஞாயிறு போனேன். நாலு வரி சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதல் வரிக்கே ஸ்தோத்திரம் வந்தது. இரண்டாவது வரிக்கு இன்னும் சத்தமாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வருட வலி ஒரே ராத்திரியில் போய்விட்டது என்றேன். இனிமேல் அது என்னைத் தொடாது என்றேன். அதோடு விட்டேனா? யாரும் கேட்கவில்லை, நானாகவே மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, பத்து விரலாலும் தரையைத் தொட்டுக் காட்டினேன். சபை கைதட்டியது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பல் துலக்கும்போது ஒரு தும்மல் வந்தது. கூடவே வலியும் வந்துவிட்டது.

“ஏட்டி, திரும்பவும் பிடிச்சிட்டா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மெதுவாப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்.”

“மானமா? இடுப்புல்லா போயிருக்கு.”

அவருக்கு அது விளையாட்டு. எனக்கு விளையாட்டாக இல்லை. மைக்கில் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? சாட்சி சொன்னவள் சபைக்கு முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாள். அதைவிட, எனக்காகக் கை வைத்த பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம். சுடிதார் டாப்புக்கு உள்ளே, ஞாயிற்றுக்கிழமை சேலைக்கு உள்ளே, பெல்ட்டை ஒளித்துக் கட்டிக்கொண்டு நடமாடினேன். யாராவது எதிரே வந்தால் மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்து நடப்பேன்.

அதற்குப் பிறகு சபையின் அசனம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். ஊரில் திருநெல்வேலிப் பக்கம் நடப்பதை அப்படியே இங்கேயும் நடத்துகிறோம். தரையில் பந்தி போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து குனிந்து பரிமாற வேண்டும். இடுப்புள்ளவர்கள் செய்கிற வேலை.

“அவளைக் கூப்பிடுங்க, அவளுக்குத்தான் இடுப்பு சரியாயிட்டுல்லா” என்று ஒரு குரல் கேட்டது. குழம்பு வாளி என் கைக்கு வந்துவிட்டது.

நான்கு பந்தி. கண்ணில் தண்ணீர் நின்றது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது பந்தியில் எங்கள் சந்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், வீட்டிலேயே அப்பளம் தேய்க்கிறவள். தரையில் உட்கார்ந்து உருட்டி உருட்டி அவளுக்கும் இதே இடுப்பு வலி. ஆஸ்பத்திரியில் அந்த மராத்திப் பெண்ணிடம் அவளைக் கூட்டிப்போனதே நான்தான். தட்டில் குழம்பை ஊற்றும்போது முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

“அக்கா, ஒங்க சாட்சியக் கேட்டதுல இருந்து நான் எக்ஸர்சைஸ் எல்லாத்தையும் விட்டுட்டேன். பெல்ட்டையும் கழட்டிப் போட்டுட்டேன். ஒங்களுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா?”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், பந்தி காத்திருந்தது, வாளி கனத்தது. “செய்வாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன். இதுவரை நான் செய்ததிலேயே எனக்கு மன்னிக்க முடியாதது அந்த ஒரு வார்த்தைதான்.

பத்து நாள் கழித்து அவள் படுத்துவிட்டாள் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். வலது கால் மரத்துப்போய்விட்டதாம், ஊன்ற முடியவில்லையாம். கார்கானாவில் சொல்லிவிட்டுப் போனேன். சுவரோரம் பாயில் கிடந்தாள். அப்பளப் பலகை சாத்தி வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“எனக்கு விசுவாசம் பத்தலக்கா” என்றாள். “ஒங்களுக்கு இருந்த மாதிரி எனக்கு இல்ல. அதான் எனக்குச் செய்யல.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னையே குறை சொல்லிக்கொண்டு கிடக்கிறாள். சுடிதார் டாப்பைத் தூக்கி, உள்ளே கட்டியிருந்த பெல்ட்டைக் காட்டினேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைக்கு வந்துச்சு?”

“சாட்சி சொன்ன மூணாவது வாரம்.”

“அப்போ அசனத்துல?”

“அப்பவும் இருந்துச்சு.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்க போங்கக்கா” என்றாள். போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னாலேயே பாஸ்டரிடம் போய் நின்றேன். சாட்சி சொல்ல வேண்டும் என்றதும் சந்தோஷப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார்.

“வலி போகலன்னு சாட்சி சொல்லப்போறீங்களாம்மா?”

“ஆமா ஐயா. ஆனா நன்றியும் சொல்லணும்.”

அவர் மறுத்திருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும். மறுக்கவில்லை. நேரம் வந்ததும் மைக்கைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். அதற்காக அவரை என்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

வலி திரும்பி வந்துவிட்டது என்றேன். வந்து ஏழு வாரமாகிறது, மறைத்துவிட்டேன், என் பேச்சைக் கேட்டு வைத்தியத்தை விட்ட ஒருத்தி இன்றைக்குப் படுத்துக் கிடக்கிறாள் என்றேன். யாரும் வைத்தியத்தை விடாதீர்கள் என்றேன். பிறகு நன்றி சொன்னேன். நீங்கள் கை வைத்து ஜெபித்த அன்றைக்கு இரண்டு வாரத்துக்கப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கினேன், அது பொய்யில்லை. டீ போட்டுத் தருகிற மனிதருக்காக நன்றி. எழுந்து நிற்கப் பத்து நிமிடம் கொடுத்த சேட்டுக்காக நன்றி. முதுகுக்கு அடியில் கை வைத்துக்கொள்கிற, நம் பாஷை தெரியாத அந்தப் பெண்ணுக்காக நன்றி. வலியோடும் ஒன்பது வருடம் வேலை செய்து சாப்பிடுகிறேனே, அதற்காகவும் நன்றி. சொல்லிக்கொண்டே வரும்போதுதான், இத்தனை பேர் என்னைத் தாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கே தெரிந்தது. குனிந்தெல்லாம் காட்டவில்லை.

ஸ்தோத்திரம் வரவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்தின் கடைசியிலிருந்து ஒரே ஒரு குரல் “ஸ்தோத்திரம்” என்றது. இரண்டு வருடம் முன்பு முட்டுவலி போய்விட்டது என்று சாட்சி சொன்ன பெரியவர். முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

படுத்திருந்தவள் காதுக்கு விஷயம் போயிருக்க வேண்டும், ஆனால் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த வாரமே அவளுடைய வீட்டுக்காரர் வந்து, டாக்டர் பார்த்துவிட்டதாகவும், ஆபரேஷன் தேவையில்லை என்று சொன்னதாகவும், மறுபடி எக்ஸர்சைசுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். தனக்கு லீவு கிடைக்காது, கூடப் போக முடியுமா என்று கேட்டார். டாக்ஸியில் போனோம். வழி நெடுக அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் வேறு வழி இல்லாமல்தான்.

எக்ஸர்சைஸ் அறையில் மராத்திப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுக்கவைத்தாள். நான் இடுப்பை உயர்த்தினேன். அவளுக்குப் பயம், உயர்த்தவில்லை. மராத்திப் பெண் என்னைக் காட்டி, “இந்த ஆன்ட்டி எப்படிச் செய்றாங்க பாருங்க. அவங்களப் பாத்து அப்படியே செய்ங்க” என்று ஹிந்தியில் சொன்னாள்.

பக்கத்துப் பாயில் கிடந்தவள் மேற்கூரையைப் பார்த்தபடி, தமிழில், யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“இந்த அக்காவப் பாத்துச் செஞ்சுதான் நான் இங்க வந்து கெடக்கேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் இடுப்பில் சுளீர் என்றது, உயர்த்தியிருந்த முதுகு பாயில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். என் நெஞ்சு லேசாகிவிட்டது.

மராத்திப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னாங்க என்று என்னிடம் கேட்டாள். நான் ஹிந்தியில், நடந்ததை முதலிலிருந்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.