கொழுந்து கிள்ளும் விரல்கள்

வண்டிப்பெரியாரில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லாரி போனது. அந்தப் பச்சை வாடையில், இன்று ரிசார்ட் கார்கள் நிற்கிற எங்கள் பழைய மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது. ஃபேக்டரி வேலை முடிந்ததும் செல்வராஜ் அண்ணன், சம்பளமில்லாமல், அடுப்புச் சாம்பலில் கோடு போட்டு, எஸ்டேட் பெண்பிள்ளைகளான எங்களுக்கு வாலிபால் சொல்லித்தருவார். மழையோ பனியோ, "கொழுந்து கிள்ளுத மாதிரி விரல வைங்க, பிள்ளைகளா" என்பதுதான் அவர் பாட்டு.

டவுன் போட்டியிலும் அதையே சத்தமாகச் சொன்னார். எதிர் டீம் பிள்ளைகள் சிரித்து, "ஆரா அது?" என்று மலையாளத்தில் கேட்டார்கள். "அறியில்ல" என்று, அவரைத் தெரியாதென்றேன், கொழுந்து எடுக்கிறவளின் மகளான நான்.

அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அதன்பிறகு வாய் திறக்காமல், கோட்டுக்கு வெளியே நின்று, காற்றில் கிள்ளிக் கிள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்தே நான் ஆடினேன்.