மீட்டர் நல்ல சேதி சொன்ன வாரம்

என் சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிற்கிறது. உள்ளே இருப்பது ஊறுகாய் இல்லை, குழாய்த் தண்ணீர். கழுத்து வரை நிரப்பி, மூடி போட்டு, வெள்ளை பிளாஸ்திரியில் இன்றைய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். கீழ் வீட்டு அக்கா வீட்டைக் காலி செய்தபோது என்னிடம் விட்டுப்போன பாட்டில் அது. பக்கத்தில் பேனா மாதிரி ஒரு மீட்டர் கிடக்கிறது. தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். அது என் சொத்து. ஒரு காலத்தில் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ரவுண்ட்ஸ் போகும் பெரிய டாக்டர் தோரணையில் ஓசூர் ரோட்டில் சந்தாபுராவில் உள்ள எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி வந்திருக்கிறேன். இருபத்து நாலு வீடு, ஒரு போர்வெல், கேட்டுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் ஒரு சம்ப். இவை எல்லாவற்றுக்கும் செயலாளர் நான். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன், தலையில் கட்டிவிட்டார்கள்.

அக்காவின் வீடு தரைத்தளத்தில், சம்ப்பை ஒட்டி. அவரை நான் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, யார் பெரியவர் என்பதை இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. கணவர் இல்லை. ஒரே மகளை வேலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். அங்கே அன்றன்று சமைத்ததில் ஒவ்வொரு கிண்ணம் எடுத்து மறுநாள் வரை தனியாக வைப்பார்களாம். யாருக்காவது வயிறு கெட்டால் எதனால் என்று பார்க்க. அந்தப் பழக்கத்தை அக்கா வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். மாதம் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, தேதி ஒட்டி, ஜன்னலில் வைப்பார். மழை பெய்தால் கூடுதலாக ஒன்று. யாராவது சம்ப் பக்கம் தோண்டினால் இன்னொன்று. புதியதைப் பழையதோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "என்னக்கா, மியூசியத்துக்கு டிக்கெட் எப்ப போடப் போறீங்க?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பேன். "உங்களுக்கு ஃப்ரீ அண்ணா. பழைய சாமானுக்கெல்லாம் டிக்கெட் வாங்குறதில்ல" என்பார். வாயாடுவதில் அவரும் சளைத்தவரில்லை.

அந்த வருடம் ஒரு ஞாயிறும் திங்களும் விடாமல் மழை. அதற்கு முந்தைய வாரம்தான் கேட்டுக்கு வெளியே ஏதோ கேபிள் போட வந்தவர்கள் ஆளுயரக் குழி வெட்டி, பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். குழி முழுக்கச் சாக்கடை நிறத்தில் தண்ணீர். செவ்வாய்க் காலை நான் வழக்கம்போல மீட்டரை முக்கினேன். எங்கள் போர் தண்ணீர் எப்போதும் தொள்ளாயிரத்தை ஒட்டி நிற்கும், பாத்திரத்தில் வெள்ளை படியும், தலைமுடி தேங்காய் நாராகும். அன்றைக்கு ஐந்நூற்றுப் பத்து. நான் குதித்தேன். படம் எடுத்து அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன். "மழை வந்து நம்ம தண்ணியத் திருத்திடுச்சு. இனிமே வழுக்கைக்கு செயலாளர் பொறுப்பில்ல." கைதட்டல்கள் குவிந்தன. அதில் இரண்டு என் மனைவி போட்டவை.

பத்து நிமிஷத்தில் அக்கா எங்கள் இரண்டாம் மாடி வாசலில் நின்றார். கையில் பாட்டில்.

"அண்ணா, ஏன் குறைஞ்சுதுன்னு பாத்தீங்களா?"

"குறைஞ்சா சந்தோஷப்படணும்க்கா. ஏறினாத்தான் ஏன்னு கேக்கணும்."

"இத்தன வருஷமா தொள்ளாயிரம் காட்டுற தண்ணி ரெண்டு நாள்ல எப்படிண்ணா நல்லவனாகும்? வேற தண்ணி ஏதோ உள்ள வந்திருக்கு. அந்தக் குழியப் பாத்தீங்கல்ல? உங்க பேனா உப்பத்தான் எண்ணும், கிருமிய எண்ணாது. சம்ப் வால்வ மூடுங்க. லேப்ல குடுத்துப் பாத்துடலாம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் விழுகிறது. "வால்வ மூடினா இருபத்து நாலு வீடும் குளிக்க உங்க கேன்டீனுக்குத்தான் வரணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வர்றா. ஏழாம் மாசம். ஞாயித்துக்கிழம வளைகாப்பு, சம்பந்தி வீட்டுல நாள் குறிச்சாச்சு. இந்த நேரத்துல கெட்ட தண்ணி குடிச்சு மஞ்சக்காமால வந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்துண்ணா. எங்க கேன்டீன்ல ஒரு பொண்ணுக்குப் பாத்திருக்கேன். வரச் சொல்லவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

"தாராளமா வரச் சொல்லுங்க. செயலாளர் கேரண்டி" என்றேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இதுவரை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. எங்கள் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். மணிக்கொரு தடவை உருப்படியை அளந்து ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி திடீரென்று இடம் மாறினால், அது நல்ல பக்கமே மாறியிருந்தாலும், மெஷினை நிறுத்தி ஏன் என்று பார்க்க வேண்டும். இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேஜையைத் தட்டிச் சொல்லிக்கொடுத்து நான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் புள்ளி நானூறு எண் கீழே விழுந்தபோது படம் எடுத்துப் போட்டேன். போதாததற்கு என் வீட்டில் பெரிய ஃபில்டர் ஒன்று மாட்டியிருந்தேன். அடுத்தவர்களுக்குக் கேரண்டி கொடுக்கும் தைரியம் அதிலிருந்து வந்ததுதான்.

அக்கா என்னிடம் மேற்கொண்டு வாதாடவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, லேபில் கொடுத்த சுத்தம் செய்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் டப்பாவில் வைத்து பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கிருமி வளர்ந்தால்தான் தெரியுமாம், இரண்டு நாள் ஆகும் என்றார்களாம். அன்று மாலை மூன்றாம் மாடியில் இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி. "வெளில சாப்பிட்டிருப்பாங்க" என்றேன். வியாழக்கிழமை அந்த இரண்டையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அன்று காலையில் பல் தேய்க்கும்போது எனக்கே லேசாக ஒரு வாடை அடித்தது. மழைக்கால வாடை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

வெள்ளி மதியம் தொழிற்சாலையில் இருந்தபோது போன் வந்தது. "சார், அபார்ட்மென்ட் செக்ரெட்ரியா? நிம்ம வாட்டர் ரிப்போர்ட் பந்திதே" என்றது லேபிலிருந்து ஒரு குரல். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். லேப் படிவத்தில் அக்கா தன் நம்பரைக் கொடுக்காமல் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கழிவுநீர்க் கிருமி இருக்கிறது, குடிக்க வேண்டாம், வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம் என்று அந்த மனிதர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் நிதானமாகச் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணிக்கு மகள் பஸ்ஸை விட்டு இறங்குவாள் என்று அக்கா சொல்லியிருந்தார். மணி ஒன்றே கால்.

அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மகளின் நம்பர் என்னிடம் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். ஓசூர் ரோட்டில் லாரிகள் ஒன்றின் முதுகை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன கேட்பாள்? சிக்னலில் நின்ற அத்தனை நேரமும் என் மண்டைக்குள் ஒரு டம்ளர் நிரம்பிக்கொண்டே இருந்தது. 'செயலாளர் கேரண்டி' என்ற வார்த்தைகளை யாரோ திருப்பித் திருப்பி என் குரலிலேயே சொன்னார்கள்.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வழியிலேயே பை. அதைத் தாண்டி நாற்காலியில் மகள், கையில் எவர்சில்வர் டம்ளர், உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில்.

"குடிக்காதம்மா!" என்று கத்தினேன்.

அவள் என் ஹெல்மெட்டையும் மூச்சிரைப்பையும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அம்மா, அங்கிள் வந்ததும் ஆரம்பிச்சுட்டார் பாரு!" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, மடக் மடக்கென்று முழு டம்ளரையும் குடித்து முடித்தாள்.

பத்து வருடமாக நான் சேர்த்துவைத்த பெயர் அது. உண்மையைச் சொன்னால்கூட நம்ப வேண்டியதில்லாத ஆள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சமையலறையிலிருந்து அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரிப்போர்ட் வந்துடுச்சா? பயப்படாதீங்க, அது கேன் தண்ணிண்ணா."

அப்போதுதான் பார்த்தேன். சமையலறைக் குழாய், வாஷ்பேசின் குழாய், எல்லாவற்றின் வாயிலும் சிவப்புத் துணி சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. "எப்பக் கட்டினீங்க?" என்றேன்.

"நீங்க அன்னிக்குச் சிரிச்சீங்கல்ல, கீழ எறங்கி வந்ததும் கட்டிட்டேன்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. கேன்டீனில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு மெதுவாக, "என் வீட்டுக் குழாயத்தான் நான் கட்ட முடியும். வால்வு சாவி உங்ககிட்டதானே இருக்கு" என்றார்.

எழுந்துபோய் வால்வை மூடினேன். குழுவில், தண்ணீரைத் தொட வேண்டாம் என்று எழுதினேன். முதலில் வந்த பதில் மூன்று சிரிப்பு பொம்மைகள். அதனால் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இருபத்து நாலு வீட்டிலும் நேரில் நின்று, சிரிக்காத முகத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேர் அப்போதும் சிரித்தார்கள். மூன்றாம் மாடியில் அந்தக் குழந்தைகளின் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கில் பிடித்துவைத்திருந்த தண்ணீரை எடுத்துப்போய் என் கண்ணெதிரே சிங்க்கில் கொட்டினார். நல்ல அடி ஒன்று கொடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது. குழந்தைகள் திங்கட்கிழமை நடந்தே வீடு திரும்பின. சம்ப்பைக் காலி செய்து பார்த்தபோது குழிப் பக்கச் சுவரில் ஒரு விரல் நுழையும் வெடிப்பு. வெளியே கடப்பாரை பட்டு உடைந்த சாக்கடைக் குழாய். வளைகாப்பு கேன் தண்ணீரில் நல்லபடியாக நடந்தது. நான் ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்று சம்பந்தி அம்மாவே விசாரித்தாராம், உடம்பு சரியில்லையா என்று.

அக்கா இப்போது இதே நகரத்தில் பிரேசர் டவுனில், மகளுக்கு இங்கே வேலை கிடைத்த பிறகு அவளோடு இருக்கிறார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டைக் காலி செய்த அன்று பாட்டில்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றை மட்டும் என் கையில் கொடுத்தார். "பேனாவ நம்புங்கண்ணா. ஆனா அது நல்ல சேதி சொன்னா ரெண்டு தடவ கேளுங்க."

நேற்று பகல் முழுக்க மழை. இன்று காலை மீட்டர் எண்ணூறு காட்டியது. நூறுதான் குறைவு. வெளியே குழி எதுவும் இல்லை, வாடையும் இல்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பாட்டிலை நிரப்பி, தேதி ஒட்டி, போன மாதத்துப் பாட்டிலோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. லேபில் கொடுக்க ஐஸ் டப்பா தயாராக இருக்கிறது. வால்வை மூடிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாசலில் பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. கதவுத் துளை வழியே பார்த்தால் மூன்றாம் மாடிக்காரர், தலை முழுக்க சோப்பு நுரையோடு, "சார், இது ஜோக் இல்லதானே?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்கிறார்.