வில்லியனூர்னு எழுதினவன் நான்தான்

மதலேன் அக்கா போயிட்டாங்க.

காலையில பால்காரர் வந்து, கதவு தட்டித் தட்டிப் பாத்துட்டேன் பாய், தொறக்கலைன்னாரு. போய்ப் பாத்தா தூங்குற மாதிரியே கிடந்தாங்க. எண்பத்தெட்டு வயசு... கஷ்டப்படாம போயிட்டாங்கன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. இவங்களுக்கு இன்னா தெரியும் அக்கா பட்ட கஷ்டம்.

செஞ்சியில டாக்டரய்யா கிளினிக்ல அவங்க நர்ஸ், நான் கம்பவுண்டர். இந்த ஊர்ல பாதிப் பேர் அவங்க கையில பொறந்தவங்கதான். இதைப் படிக்கிற நீங்களும் இருக்கலாம்.

ஆனா அக்காவுக்கு ஊர் பாண்டிச்சேரி பக்கம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட இடத்துல பொறந்ததால பிரெஞ்சுப் பிரஜை. வீட்டுக்காரர் 'சொல்தா'... அதாவது பிரெஞ்சு மிலிட்டரி சிப்பாய். அவர் பிரான்ஸ்ல. ரெண்டு வயசுப் பொண்ணு எலிசாவை வச்சுக்கிட்டு அக்கா இங்க.

அறுபத்திரண்டு ஆகஸ்ட்ல பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேந்துது. கொடி எட்டு வருஷம் முன்னாடியே மாறிடுச்சு, பேப்பர்தான் பாக்கி இருந்துது. அக்கா மாதிரி ஆளுங்க தானாவே இந்தியப் பிரஜை. வேணாம்னா ஆறு மாசத்துக்குள்ள பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சல் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்.

வீட்டுக்காரர் லெட்டர் போட்டாரு. "கையெழுத்துப் போட்டுடு. இல்லைன்னா நானும் பாப்பாவும் ஒரு நாடு, நீ ஒரு நாடு."

அக்காவுக்கு பயம். கையெழுத்துப் போட்டா வெளிநாட்டுக்காரி ஆயிடுவோம், வேலையை விட்டு எடுத்துட்டா இன்னா பண்றது? டாக்டரய்யாவுக்கே தெரியலை. "பாக்கலாம்மா"ன்னாரு. அதுல ரெண்டு மாசம் போச்சு.

அப்பறம் சீனா சண்டை. எந்நேரமும் ரேடியோவைச் சுத்தி ஜனம்... எல்லையில அந்த ஊர் போச்சு, இந்த ஊர் போச்சுன்னு. வெளிநாட்டு ஆளுங்களை எல்லாம் போலீஸ் கணக்கெடுக்குதுன்னு ஒரு வதந்தி.

ஒருநாள் ஒரு கான்ஸ்டபிள் கிளினிக்குள்ள நுழைஞ்சாரு. அக்கா கையில இருந்த ஊசியை அப்படியே வச்சுட்டு டிரஸ்ஸிங் ரூம் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி போய் நின்னுட்டாங்க. அந்த மனுஷன் வந்தது வயித்துப்போக்குக்கு மருந்து வாங்க!

நான் சிரிச்சேன். "சிரிக்காதடா காசிமு, என்னைக் கணக்கெடுக்கத்தான் வந்தாருன்னு நெனச்சேன்"னாங்க.

பொங்கலுக்கு அப்பறம்தான் துணிஞ்சாங்க. பாண்டிச்சேரியில இருந்த அவங்க அண்ணன் ஃபாரம் கொண்டாந்து குடுத்தாரு. என் கையெழுத்து அழகா இருக்கும்னு என்னை நிரப்பச் சொன்னாங்க.

"எந்த ஊர்க்கா?"ன்னேன். "வில்லியனூர்"னாங்க. எழுதிட்டேன்.

நம்ம ஆளுங்ககிட்ட எந்த ஊருன்னு கேட்டா அப்பன் ஊரைத்தானே சொல்லுவாங்க? அந்தக் கட்டத்துல கேட்டது பொறந்த ஊரு. அக்கா பொறந்தது பாகூர்ல, அவங்க அம்மாவோட தாய்வீட்ல. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறதுதானே வழக்கம்! இத்தனை பிரசவம் பாத்த கிளினிக்ல உக்காந்துகிட்டு எனக்கு அது தோணலை. என் புத்தியை செருப்பால அடிக்கணும்.

ஃபாரம் திரும்பி வந்துடுச்சு. வில்லியனூர் பதிவேட்டுல அப்படி ஒரு பேரே இல்லையாம். பொறந்தது பாகூர்னா அங்க பொறப்புப் பதிவு நகல் வாங்கிட்டு வான்னுட்டாங்க. அண்ணன் அலையோ அலைன்னு அலைஞ்சாரு. அண்ணன்கூட அக்கா போய் அதை வாங்கிக் குடுக்க வேண்டிய நாள் தை அமாவாசை... பஸ் பூரா மேல்மலையனூர் கோயிலுக்கு. அக்கா மத்தியானம் வரைக்கும் ஸ்டாண்டுல நின்னுட்டுத் திரும்பி வந்தாங்க.

மறுநாள் போலாம்னா அண்ணனுக்கு மஞ்சக்காமாலை. அவர் தேறி நகலோட வர்றதுக்குள்ள கடைசி நாளே வந்துடுச்சு.

நானும் கூடப் போனேன். கிளியனூர்கிட்ட பஸ் டயர் வெடிச்சுது. அக்கா ரோட்டுல இறங்கி வர்ற லாரிக்கெல்லாம் கை காட்டுறாங்க.

பாண்டிச்சேரி எல்லை கோரிமேட்டுல முன்னெல்லாம் பையைக் கொட்டிப் பாத்துட்டுத்தான் விடுவாங்க. அன்னிக்கு எங்களை யாரும் நிறுத்தவே இல்ல. அதை நெனச்சா இன்னும் ஆத்திரமா வருது.

நாங்க போனப்ப கான்சல் ஆபீஸ் கேட்டு பூட்டியாச்சு. வாட்ச்மேன் கையை விரிச்சாரு. அக்கா அந்தக் கேட்டைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க.

திரும்பி வர்ற பஸ்ல சொல்லிட்டேன், "நான்தான்க்கா தப்பா எழுதினேன்."

"நீ கேட்டதுக்கு நான்தானே சொன்னேன்"னாங்க. அப்பறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பின்னாடியும் பாஸ்போர்ட், விசான்னு அலைஞ்சு பாத்தாங்க. ஒண்ணும் நடக்கலை. வீட்டுக்காரர் லெட்டர் மாசத்துக்கு ஒண்ணு, அப்பறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஆச்சு. எலிசாவுக்கு பன்னெண்டு வயசானப்ப படிக்க அனுப்புன்னாரு. அப்பன் பிரெஞ்சுப் பிரஜைன்னா பொண்ணும் அதேதானே. அனுப்பி வச்சுட்டு மறுநாளே டியூட்டிக்கு வந்தாங்க அக்கா. அன்னிக்கு ரெண்டு பிரசவம்.

இப்ப எலிசாவே பாட்டி. பாரிஸ்ல இருந்து போன்ல கதறுறா... போன தடவை இந்தியா வர எடுத்த விசா முடிஞ்சுபோச்சாம். புதுசுக்குப் போட்டிருக்கா. இன்னும் வரலை.

எவ்ளோ நேரம் வைக்கிறது, சாயங்காலமே எடுத்துடலாம்னு சில பேர் ஆரம்பிச்சுட்டாங்க. ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தனையும் தொட விடமாட்டேன். இதைப் படிக்கிறவங்கள்ல விசா ஆபீஸ்ல யாரையாவது தெரிஞ்சவங்க இருந்தா தயவுசெஞ்சு உடனே கூப்பிடுங்க.

அக்கா... பொண்ணு வந்துடுவா. கொஞ்சம் இருங்க.