அப்பாவுக்கு எடுத்து வைத்த முட்டை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் பொழியூரில், அலைச் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கிற இடத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மங்கலாபுரம், அதாவது மங்களூர் பக்கம், மீன்பிடி போட்டில் தொழிலுக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான்.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இப்படி மெல்ல எழுதுவேன். ஆனால் மீன் விஷயத்தில் என்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. செவுளைப் புரட்டிப் பார்த்தால் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவேன். நான் உப்பு வைத்த மீன் கெட்டது என்று காட்டாக்கடைச் சந்தை வரைக்கும் ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை அப்போது இன்னும் கூடுதலாக இருந்தது.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிஸ்டர், ஈஸ்டருக்கு வீட்டிலேயே முட்டைக்குச் சாயம் போட்டு அலங்கரிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தவக்கால நோன்பு நாளில் நாங்கள் முட்டை தின்ன மாட்டோம். கோழி இட்டதெல்லாம் அரிசிப் பானைக்குள் சேர்ந்து கிடந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் அடுக்களையில் உட்கார்ந்துவிட்டோம். சாயாக்கடையில் கேட்டு வாங்கிய வெங்காயத் தொலியைப் போட்டு வேகவைத்தால் முட்டை நல்ல செம்மண் நிறத்துக்கு வந்தது. மூத்தவள் ஒரு வேலை செய்தாள். கிழிந்த வலைத் துண்டை முட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அந்தத் தண்ணீருக்குள் போட்டாள். ஆறின பிறகு அவிழ்த்துப் பார்த்தால் முட்டை முழுக்க வலைக்கண் விழுந்திருக்கிறது. எனக்கே கை தட்டத் தோன்றியது.

இளையவள் அப்பாவுக்கென்று ஒன்று செய்தாள். வெள்ளை முட்டையை அவித்து, பள்ளிக்கூடத்து வாட்டர் கலரில் நீலக் கடல், அதில் ஒரு வள்ளம், வள்ளத்தில் தலைமுண்டு கட்டிய அப்பா. மீசைக்கு மட்டும் அவ்வளவு நேரம் எடுத்தாள்.

அவர் ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வரவில்லை. அவர் போன போட்டு இன்னும் கரை பிடிக்கவில்லை என்று, ஊருக்கு வந்த ஒருவர் மறுநாள் சொன்னார். எங்கள் முட்டைகளைத் தின்றுவிட்டோம். அப்பாவுக்குச் செய்தது மட்டும் கிண்ணத்தில் இருந்தது.

"அப்பா வரும்போ அதுக்குள்ள கோழிக்குஞ்சு கத்தும், பாத்துக்கோ" என்று மூத்தவள் சீண்டினாள்.

"போடீ! வேவிச்ச முட்டையில எப்பிடிக் குஞ்சு வரும்?" என்று இளையவள் சண்டைக்குப் போனாள். ஆனாலும் பயந்துவிட்டாள். என்னிடம் வந்து, "அம்மா, அப்பாக்க முட்ட கெட்டுப் போவுமா?" என்று கேட்டாள்.

"எனக்க கையால உப்பு வச்சா எதுவும் கெடாது மக்கா" என்றேன்.

மீனுக்கு வைத்திருந்த கல்லுப்புப் பானையில் குழி செய்து, முட்டையை உள்ளே வைத்து மூடினேன். முட்டை கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. படத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. அந்தச் சித்திரைப் புழுக்கத்தில் கல்லுப்பு கசிந்து நீர் விடும் என்பது எனக்குத் தெரியாததா?

அந்த வாரக் கடைசியில் அவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் இளையவள் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள். நானே உப்பைத் தோண்டி எடுத்தேன். கடல் இல்லை, வள்ளம் இல்லை. அங்கங்கே அழுக்கு நீலம் படிந்த ஒரு முட்டை, சுற்றிலும் நீலம் ஏறிய உப்பு.

அவருக்கு என்னவென்று விளங்கவில்லை. நான் சொன்னதும் சிரித்தார். "வள்ளந்தானே மக்கா? கடலுக்குப் போயிருக்கும். மீனோட வரும்" என்றார். மூத்தவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

இளையவள் சிரிக்கவில்லை. "அதுல அப்பாவும் உண்டும்" என்றாள்.

அவர் முட்டையை உடைத்துத் தின்றார். தொண்டைக்குள் இறங்காத உப்பு. ஒரு துண்டு கூட மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வருஷமும் சனிக்கிழமை சாயம் போட உட்கார்ந்தோம். அவர் வருவார் என்றும் தகவல் இல்லை, வரமாட்டார் என்றும் இல்லை. "அப்பாக்கு ஒண்ணு செய்யாண்டாமா?" என்று கேட்டேன்.

"வரட்டு. பானையில பச்ச முட்ட கெடக்கில்லா, அப்போ அவிச்சுக் குடுக்கலாம்" என்றாள் இளையவள். கோபமாகச் சொல்லவில்லை. அது புத்தியுள்ள பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிறார். போட்டுக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு ரயில் ஏறி, பாறசாலையில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறார். பையைக் கீழே வைக்கவில்லை. நேரே அடுக்களைக்கு வந்து தட்டைப் பார்த்தார். வலைக்கண் போட்டது, மஞ்சள் போட்டது, பூ வரைந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் தேடியது அதில் இல்லை.

இளையவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இப்பம் ஒண்ணு செய்யட்டா அப்பா?" என்றாள்.

"எதுக்கு மக்கா? எனக்கு இப்பம் முட்ட தின்னா வயித்துக்குப் பிடிக்கேல்ல. வாயு ஆக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவருடைய துணியை நனைக்க எடுத்தபோதுதான் பையின் அடியில் ஒரு சின்ன டப்பா கைக்கு அகப்பட்டது. துணியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தார். போட்டுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட். கூடவே மெல்லிய பிரஷ் ஒன்று, புதுசு. எவ்வளவு உப்புத் தண்ணீர் பட்டாலும் அந்தப் பெயின்ட் போகாது. அதை அடித்த முட்டையைத் தின்ன முடியாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அழியக் கூடாது என்று மட்டும் தோன்றியிருக்கிறது.

டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் குளித்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்தார். "பிள்ளகிட்ட ஒண்ணும் சொல்லாத, கேட்டியா? அதுக்க மனசு வெசனப்படும்" என்றார். ஈஸ்டர் கழிந்த மறுநாள் அந்தப் பெயின்டை எடுத்து ஜன்னல் கதவுக்கு அடித்தார். "அப்பா எங்க ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் கொண்டாந்தாரே" என்று இளையவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அந்த வீட்டைப் பின்னால் கடல் எடுத்துக்கொண்டது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இளையவளைத் திருப்புறத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளிடம் இதை நான் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டார், நான் வாய் மூடிக்கொண்டேன். நான் சொல்லைக் காப்பாற்றுகிறவள். ஆனால் அப்பாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அப்பாக்கு நம்ம காரியம் எங்கே நெனவிருக்கும், எப்பமும் கடலுதானே" என்று அவள் சாதாரணமாகச் சொல்வாள். 

வருவாரா என்று தெரியாத ஆளுக்கும் ஒன்று எடுத்து வைக்கத்தான் வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய, அந்தத் தட்டில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்துக்கொண்டே போன அவருடைய கண்ணை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.