கொல்லன் வாங்கி வந்த ஊசி

போடியில் ஏலக்காய் வியாபாரிக்கு இருக்கிற திமிர் தனி. ஒரு கை காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், எந்தச் சரிவில் விளைந்தது, உலர்த்தும்போது சூடு கூடிப்போனதா, பழைய காய் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவோம். சொல்வது எல்லா நேரமும் சரியாக இருக்காது. சொல்கிற தோரணையில் மட்டும் குறை இருக்காது. எனக்கு அந்தத் தோரணை கொஞ்சம் கூடுதல். மூணாறு பார்த்துவிட்டு போடிமெட்டு வழியாக இறங்குகிற சுற்றுலாக்காரர்கள், வழியில் எவனிடமோ சப்பைக் காயைக் கொள்ளை விலைக்கு வாங்கி வந்து என் கடையில் காட்டுவார்கள். "படிச்சவுகதான, பார்த்து வாங்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பேன்.

அப்படிச் சிரித்த நான்தான் இலங்கைக்குப் போய் ஏமாந்தேன். அதுவும் ஏலச்செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

கடைத்தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து போன பயணம் அது. என் மனைவிக்கு முதல் விமானம். அவளுக்கு வெகுகாலமாக முழங்கால் வலி. கல்யாணமான புதிதில் ஆள் வைத்துக் காயைத் தரம் பிரித்துப் பொறுக்க எங்களுக்கு வசதி இல்லை. அவள்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூட்டை மூட்டையாகப் பொறுக்கினாள். பிறகு ஆட்கள் வந்தார்கள், கிடங்கு வந்தது, மாடி வீடு வந்தது. வலி அவளோடு தங்கிவிட்டது. விமானத்தின் படிகளில் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டாக ஒவ்வொன்றாக ஏறினாள். நானோ தேனி பஸ்சில் இடம் பிடிப்பவன் போல முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டேன். சீட்டில் எண் போட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

கண்டிக்குப் போகிற வழியில் எங்கள் வேன் ஓட்டுநர் ஒரு வாசனைத் தோட்டத்தில் நிறுத்தினார். உள்ளே போகக் கட்டணம் இல்லை என்றார். இலவசம் என்று எழுதியிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று என் கடைப் பையன்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் இறங்கினோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். நல்ல தமிழ் பேசினார். அங்கிருந்தவர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். மிளகுக் கொடி, பட்டை மரம் எல்லாம் காட்டிவிட்டு, நோஞ்சானாக நின்ற நாலைந்து செடிகள் முன்னால் நிறுத்தினார்.

"இதுதான் ஏலம். கடையில கண்டிருப்பீங்கள். செடியில கண்டிருக்க மாட்டீங்கள்" என்றார்.

எங்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குத் தம்பி முறை ஆகிற ஒருவன், பஜாரில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவன், "அண்ணே, கொல்லந்தெருவுலயே ஊசி விக்க வந்துட்டாரு" என்றான். நாங்கள் எந்த ஊர், என்ன தொழில் என்று அவன்தான் சொன்னான். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு நொடிகூட வெட்கப்படவில்லை. என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அப்ப நீங்கள்தான் எனக்கு ஆசான். இந்தச் செடி ஏன் காய்க்குது இல்லை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். நிழல் போதாது என்று தொடங்கி, அடித்தூரில் பூச்சரம் விடுகிற விதம், குரங்கணிப் பக்கத்துக் காய்க்கும் வண்டன்மேட்டுக் காய்க்கும் என்ன வித்தியாசம் என்பதுவரை சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடையில் நான் பேச ஆரம்பித்தால் எங்கள் கணக்குப்பிள்ளையே எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். இங்கே ஒரு டாக்டர் கை கட்டி நின்று கேட்கிறார். அந்த நேரத்தில் அவர் என்னைத் தராசில் ஏற்றி எடை போட்டு முடித்துவிட்டார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு, மனுசனென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு கொட்டகைக்குள் கூட்டிப்போனார். மூலிகை தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டுகிற எண்ணெய் ஒன்று இருக்கிறதாம். சிவப்பாக, சின்னப் புட்டியில் இருந்தது. "ஆருக்கும் முழங்கால் நோவு இருக்கோ?" என்று கேட்டார். நான் என் மனைவியைக் கைகாட்டினேன்.

அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உதவியாள் ஒருவன் கீழே மண்டியிட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிவிட்டு எண்ணெய் தேய்க்கத் தொடங்கினான். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அவள் சேலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காலை நல்லா நீட்டிக் காட்டு" என்றேன்.

"நோவு போச்சோ அம்மா?" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர்.

"போச்சு" என்றாள்.

"எழும்பி நடந்து பாருங்கோ."

எழுந்தாள், வேனைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. "பாருங்கப்பா, எப்பிடிப் போறாள்னு" என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது உண்மை.

அப்புறம் என்ன, புட்டி புட்டியாக வாங்கினேன். நான் வாங்கியதைப் பார்த்து எல்லோரும் வாங்கினார்கள். எண்ணெய்க் கடைத் தம்பியும் வாங்கினான். வாழ்நாள் முழுக்க எண்ணெயை மோந்து பார்த்தே பிழைத்தவன், அண்ணன் சரி என்று சொன்ன பிறகு மோந்து பார்த்தால் மரியாதை இல்லை என்று விட்டுவிட்டான். ஆசானுக்கு அன்பளிப்பு என்று வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு பொட்டலம் ஏலக்காய் என் கையில் திணித்தார். வேனில் ஏறிய பிறகு ரசீதைப் பார்த்தேன். அன்பளிப்புக்கும் விலை போட்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் ரசீதைக் கசக்கிப் பையில் போட்டேன். இலங்கையிலிருந்து போடிக்கு ஏலக்காய் வாங்கி வந்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊர் திரும்பிய அந்த வாரமே தம்பி புட்டியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து மோந்து பார்த்துவிட்டான். தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கற்பூரம், மீதி சாயம். டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போதுதான் சொன்னான். "அண்ணே, ஊசி விக்க வந்தாருன்னு சிரிச்சோம். கடைசியில கொல்லனே காசு குடுத்து வாங்கிட்டு வந்துட்டோம்" என்றான். அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னான். கூட்டம் என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. ஒருவர், "இந்த வருசம் காய் கொள்முதல் கண்டியிலயா" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். காது மடல் எரிந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை இறக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் மனைவி அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வலி போச்சுன்னு நீ சொல்லப்போயித்தான வாங்கினேன். இன்னைக்கு ஊரே சிரிக்குது" என்று கத்தினேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் வேற என்னத்தச் சொல்ல? கொழுந்தன்மாரு, மகன் முறை ஆகுறவுக எல்லாம் சுத்தி நிக்கிறாக. எவனோ ஒருத்தன் சேலைய ஒதுக்கிக் காலைப் புடிச்சுக்கிட்டு இருக்கான். போச்சுன்னு சொன்னாத்தான விடுவான்."

"விறுவிறுன்னு நடந்தியே."

"வெரசா வேனுக்குள்ள போயிரணும்னு நடந்தேன். வலியோடதான் நடந்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"உங்களத்தான் பார்த்தேன். நல்லா நீட்டிக் காட்டச் சொன்னீக." அவள் குரலில் கோபமே இல்லை. "சாம்பிள் காயைத் தட்டுல கொட்டி, வர்றவன் போறவன் எல்லாம் கிண்டிப் பாக்கட்டும்னு விடுவீகல்ல. எனக்கு அப்பிடித்தான் இருந்துச்சு."

டீக்கடையில் பட்ட அவமானம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. அதை நாலு நாள் கழித்து நானே கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம், இப்போதும் சொல்லிச் சிரிக்கத்தான் செய்கிறேன். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் என்னை ஏமாற்றினான், சரி. அவளை நாற்காலியில் உட்காரவைக்கக் கைகாட்டியது அவன் இல்லை.

அவள் மேடை விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். இப்போது வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. இத்தனை வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்னிடமும் "போச்சு" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.