பொம்மை உருவில் வந்த விருந்தாளிகள்

என் அண்ணன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன், தன் கல்யாண வரவேற்பை மெய்நிகர் உலகத்திலும் நடத்தப்போவதாக அறிவித்தான். பெட்டி போன்ற ஒரு கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டால் போதும், வெளிநாட்டு நண்பர்கள் பொம்மை உருவில் வந்து வாழ்த்துவார்களாம்.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கெங்கயோ இருந்து வாராங்க தம்பி. ஒருத்தனும் ஊட்ட உட்டு எந்திரிக்க வேண்டியதில்ல" என்றார் போனில். எழுந்தே வராதவன் எப்படி விருந்தாளி ஆவான் என்று நான் கேட்கவில்லை.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் இதைச் சொன்னேன். இனி எல்லோரும் அங்கேதான் குடியிருக்கப்போகிறோம் என்றார் வணிகவியல் ஆசிரியர். பண்பாடே போச்சு என்றார் தமிழாசிரியர். இருவரும் அந்தக் கண்ணாடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது.

வரவேற்பன்று மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். அதில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத பொம்மைகள் மிதந்தன. நடுவில் மாப்பிள்ளை பொம்மையும் பெண் பொம்மையும். மேடையிலோ அண்ணன் மகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி காற்றோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக மணப்பெண் தனியாக நின்று, வரிசையில் வந்த சொந்தக்காரர்களைக் கும்பிட்டாள்.

எங்கள் அக்கா திருநீறு பூச மேடையேறினார். மாப்பிள்ளையின் நெற்றி பெட்டிக்குள் இருந்தது.

"கழட்டுங்க. உங்க அத்தை நிக்கறாங்க" என்றாள் பெண்.

"ரெண்டு நிமிசம்" என்றான் அவன், ஆளே இல்லாத பக்கம் திரும்பி.

அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பெண்ணின் நெற்றியில் மட்டும் பூசிவிட்டு இறங்கினார். பின்னாலேயே பெண்ணும் இறங்கி, நேராகப் பந்திக்கு வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். மேடையில் தேட மாட்டார்களா என்று கேட்டேன்.

"திரையில நான் நிக்கறனுங்க மாமா. அவரு சிநேகிதர் ஒருத்தர் பெங்களூர்ல உக்காந்து என்னய ஆட்டறாரு. இங்க எனக்குப் பசிக்குது."

அவள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெட் நின்றது. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் யாருமில்லாததைக் கண்டு விழித்தான். மண்டபம் சிரித்தது. அண்ணன் மட்டும் திரைக்காரனைத் தேடி ஓடினார்.

அவள் மோரையும் முடித்துக் கை கழுவினாள். கோபித்துக்கொண்டு ஓரமாக இருந்த அக்காவைச் சமாதானம் செய்து மேடைக்கு அழைத்துப்போனவளும் அவள்தான். அவனோ நெட் போனதற்கு யாரையோ போனில் திட்டிக்கொண்டே, திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினான்.